தேங்காய் சொன்ன கணக்கு

வணக்கம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். டெல்டா பக்கம் அதைக் கேட்காமல் காபிகூட இறங்காது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர், அதாவது நம் வீட்டுக் குடத்தில் இரண்டு குடம். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. சரி, ஓடுகிற ஆற்றைக் குடத்தில் பிடித்தா அளக்க முடியும்?

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு தேங்காய். ஆற்று நீரை அளக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கரன்ட் மீட்டர் மக்கர் செய்தது. (தண்ணீருக்குள் இறக்கினால் கிண்ணங்கள் சுற்றும், சுற்றை எண்ணி வேகம் கண்டுபிடிக்கும் கருவி அது.) கூட வந்த பெரியவர், படிப்பு அதிகமில்லாதவர், பையிலிருந்து மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்து ஆற்றில் போட்டார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, "என்ன சார், ஆத்தாவுக்கு வேண்டுதலா?" என்று கேட்டார். பெரியவர் திரும்பக்கூட இல்லை. 30 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்த இரண்டு குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். 25 விநாடி. "ஏன் தேங்காய்?" என்றேன். பாதிக்கு மேல் தண்ணீருக்குள் மூழ்கியே போகும், காற்று இழுத்துக்கொண்டு போகாது என்றார். தெர்மகோலைப் போட்டால் காற்றின் வேகத்தைத்தான் அளப்போம்!

விநாடிக்கு 1.2 மீட்டர். ஆனால் அது மேல்வேகம், அடியில் மண்ணும் கல்லும் உரசி தண்ணீர் மெதுவாகப் போகும், அதனால் 0.85 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1 மீட்டர். ஆற்றின் அகலம் 100 மீட்டர், சராசரி ஆழம் 2 மீட்டர் என்றால் விநாடிக்கு 200 கன மீட்டர், அதாவது சுமார் 7,000 கன அடி.

இதைத் தினமும் மணிக்கொருமுறை செய்ய முடியாது. அதனால் பலமுறை அளந்து, இந்த உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். அப்புறம் பாலத்துத் தூணில் கோடு போட்ட பலகை இருக்கிறதே, அதில் உயரத்தைப் பார்த்தால் போதும். மறுபடி சொல்கிறேன், அன்றாடம் பார்ப்பது உயரத்தை மட்டும்தான். ஆற்றில் மணலை அள்ளிவிட்டால் அதே உயரத்தில் ஓடும் தண்ணீர் வேறு அளவாகிவிடும், பழைய அட்டவணை தப்பாகச் சொல்லும். மணல் லாரியைப் பார்த்தாலே எனக்கு அந்த அட்டவணைதான் ஞாபகம் வரும். 2018இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று சொன்னதும் பிலிகுண்டுலுவில் அளக்கும் கணக்கில்தான். மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையம் அது, அங்கே ஒரு சதவீதம் பிசகினாலே ஆண்டுக்கு ஒன்றே முக்கால் டிஎம்சி.

ரேடார் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பாலத்தில் மாட்டினால் தண்ணீரைத் தொடாமலே வேகம் சொல்லும், வெள்ளத்தில் யாரும் இறங்க வேண்டாம். அதற்கும் தெரிவது மேல்வேகம்தான், அந்தப் பெரியவர் மாதிரி அதையும் ஒரு எண்ணால் பெருக்கியாக வேண்டும். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.