பெயரைக் கழற்றி வைத்துவிட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

மாணவர்களே இதழாசிரியர்களாக இருந்து நடத்தும் பல்கலைக்கழக இலக்கிய இதழ்களுக்குப் படைப்பு அனுப்புவதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். வெளிநாட்டில் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளும், இங்கிருந்தபடியே ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கும் மாணவர்களும், ‘அங்கெல்லாம் நம் எழுத்துக்கு இடம் கிடைக்குமா?’ என்று என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குக் கேம்பிரிட்ஜில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் நான் பதிலைத் தொடங்குவது வழக்கம்.

கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1889-இல் ‘கிராண்டா’ என்ற இதழைத் தொடங்கினார்கள். அந்த ஊரின் ஆற்றுக்கு வழங்கிய பழைய பெயர் அது. இன்று உலகெங்கும் படிக்கப்படும் அதே பெயருள்ள இலக்கிய இதழ், 1979-இல் பட்டமேற்படிப்பு மாணவர்கள் சிலர் அந்தப் பழைய மாணவர் இதழுக்குக் கொடுத்த மறுபிறவிதான். 1954 ஜூன் மாதம் ‘கிராண்டா’வில் டேனியல் ஹியரிங் என்பவர் பெயரில் ஒரு கவிதை வெளியானது. அது ஒரு புனைபெயர். எழுதியவர், பெம்புரோக் கல்லூரியில் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த டெட் ஹியூஸ். பின்னாளில் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரானவர்.

அவர் ஏன் பெயரை மறைத்தார் என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்லலாம். மாணவர் இதழ் ஒன்றில் சில ஆண்டுகள் உழன்றவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: பெரிய பத்திரிகையின் வாசகர் எங்கோ இருக்கிறார், மாணவர் இதழின் வாசகரோ மறுநாள் காலை உணவுக்கூடத்தில் நமக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். அந்த அண்மைதான் இவ்விதழ்களின் பலம். கூச்சத்துக்குக் காரணமும் அதுவே.

அன்று ஹியூஸ் தாமாகச் செய்துகொண்டதை இன்று பல மாணவர் இதழ்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. கதையின் மேலோ கவிதையின் கீழோ அனுப்புகிறவரின் பெயர் இருக்கக் கூடாது. பெயரும் முகவரியும் தனியே, விண்ணப்பப் படிவத்தில் மட்டும் இருக்க வேண்டும். வந்து சேரும் படைப்புகளுக்கு ஒருவர் எண் கொடுக்கிறார். மற்றவர்கள் எண்ணை வைத்துப் படித்து, கூடி உட்கார்ந்து வாதாடுகிறார்கள். தோழி எழுதியது என்று நடையைக் கொண்டே கண்டுபிடித்துவிட்டவர் அந்தப் படைப்பின் மீது வாய் திறக்காமல் இருப்பது மரியாதை. இந்த விதியைப் படித்துவிட்டு, முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக அனுப்புகிறவர்களுக்கு ஒரு சொல்: கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர் இருக்கும், ஒவ்வொரு பக்கத்தின் மேல் ஓரத்திலும் இருக்கலாம், வேர்ட் கோப்பின் ‘பண்புகள்’ பகுதியைத் திறந்தால், கணினியை வாங்கிக் கொடுத்த அப்பாவின் பெயர்கூட அங்கே எழுதியிருக்கும். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதையும் துடைத்துவிடுவது நல்லது.

பெயர் போன பிறகு மிஞ்சுவது எழுத்து மட்டும்தான். அதனால்தான், படைப்போடு வைக்கும் கடிதம் மூன்று நான்கு வரிகளைத் தாண்ட வேண்டாம் என்கிறேன். தலைப்பு, சொல் எண்ணிக்கை, நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்ற ஒரு வரி, நன்றி, அவ்வளவு போதும். கவிதை எதைப் பற்றியது என்று கடிதத்தில் விளக்குகிறவர், கவிதை அதைச் சொல்லவில்லை என்று தாமே ஒப்புக்கொள்கிறார். தமிழிலிருந்து மொழிபெயர்த்து அனுப்புகிறவர்களுக்கு மட்டும் கடிதம் சற்று நீளலாம். மூல ஆசிரியர் அல்லது அவருடைய வாரிசுகளின் இசைவு கிடைத்திருக்கிறதா, நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தா என்பதை அதில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; அங்கிருக்கும் இருபது வயது ஆசிரியருக்கு அது தானாகத் தெரிந்திருக்காது.

மீண்டும் கேம்பிரிட்ஜுக்கு வருகிறேன். 1955 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து உதவித்தொகை பெற்று நியூன்ஹாம் கல்லூரிக்கு வந்தவர் சில்வியா பிளாத். அதற்குள் தம் நாட்டுப் பத்திரிகைகளில் கதையும் கவிதையும் வெளியிட்டுப் பழகியவர். ஆயினும் அவர் கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவர் இன்னொரு மாணவர் ஏட்டில் எடுத்து வைத்து இரக்கமில்லாமல் விமர்சித்தார். அந்த விமர்சகரும் ஹியூஸ் உள்ளிட்ட நண்பர்களும் சேர்ந்து 1956 பிப்ரவரியில் ‘செயின்ட் போடால்ஃப்ஸ் ரிவ்யூ’ என்ற சொந்த இதழைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர், அந்தப் பெயருள்ள பாதிரியார் இல்லத்தின் தோட்டத்தில், முன்பு கோழிகள் அடைந்த கொட்டகையில் குடியிருந்ததால் இதழுக்கு அந்தப் பெயர். பிளாத் ஒதுங்கிப் போகவில்லை. இதழ் கைக்கு வந்த அன்றே அதிலிருந்த கவிதைகளை மனப்பாடம் செய்துகொண்டு, பிப்ரவரி 25 இரவு நடந்த வெளியீட்டு விருந்துக்குப் போய், ஹியூஸின் வரிகளை ஹியூஸிடமே சொன்னார். அந்த ஜூனில் இருவருக்கும் திருமணம் நடந்ததை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. தம்மை விமர்சித்தவர்களின் இதழை அவர் முதலில் படித்தார். வரி வரியாகப் படித்தார். படைப்பு அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் செய்யாத காரியம் அதுதான். பழைய இதழ்கள் இரண்டைப் படித்துப் பார்த்தாலே, எட்டுப் பக்கக் கதைக்கு அங்கே இடமுண்டா, யாப்புக் கவிதையை அவர்கள் தொடுவார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

பிளாத்திடம் கற்க வேண்டிய இன்னொன்று அவருடைய தபால் ஒழுங்கு. ஹியூஸின் கவிதைகளைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து பத்திரிகை பத்திரிகையாக அனுப்பியவர் அவர். திரும்பி வந்தவற்றை அடுத்த இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் நியூயார்க்கில் ஒரு போட்டிக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதிதான், கவிஞர்கள் ஆடனும் ஸ்பெண்டரும் மரியான் மூரும் நடுவர்களாக இருந்து தேர்ந்தெடுத்து, 1957-இல் ஹியூஸின் முதல் தொகுப்பாக வெளிவந்தது. இன்று தபால்தலைக்குப் பதில் ஓர் அட்டவணை போதும்: எந்தக் கவிதை, எந்த இதழுக்கு, எந்தத் தேதியில், என்ன பதில். ஒரே படைப்பை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்புவதைச் சில இதழ்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடங்களிலும், வேறோர் இதழ் ஏற்றுக்கொண்ட அன்றே மற்றவர்களுக்குத் தெரிவித்துத் திரும்பப் பெற்றுவிட வேண்டும். முகநூலில் போட்ட கவிதையை ‘வெளியானது’ என்றே கருதும் இதழ்களும் உண்டு. விருப்பக் குறிகளுக்கு ஆசைப்பட்டு முதற்பிரசுர உரிமையை இழக்க வேண்டாம்.

மாணவர் இதழுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் குழு ஆண்டுதோறும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும். கோடை விடுமுறைக்கு முன் ஏற்கப்பட்ட கதையைப் பற்றிப் புதுக் குழுவுக்கு ஒன்றுமே தெரியாமல் இருப்பது அதிசயமில்லை. நான் படித்த காலத்தில் எங்கள் இதழுக்குக் கட்டாக வந்து சேர்ந்த சில கதைகள், பொறுப்பில் இருந்தவர் ஊருக்குப் போன கையோடு ஒரு பீரோவுக்குள் போயின. சாவி அவரோடு போயிற்று. அவற்றை எழுதியவர்களில் ஒருவர்கூட எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் பதில் எழுதவில்லை. ஆகவே, சொன்ன கெடு தாண்டி ஒரு மாதமானால் பணிவாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அது தொந்தரவு ஆகாது.

மறுப்புக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றை ஆராய்ந்து பயனில்லை. எப்போதாவது ஒரு வரி கையால் எழுதி வரும். மற்றொரு கல்லூரியின் மாணவர் இதழுக்கு நான் அனுப்பிய ஐந்து பக்கக் கதை திரும்பி வந்தபோது, ஓரத்தில் பென்சிலால் இப்படி இருந்தது: ‘மூன்றாம் பக்கத்திலேயே கதை முடிந்துவிட்டது, கவனித்தீர்களா?’ எழுதியவருக்கு என் பெயர் தெரியாது. எனக்கும் அவர் பெயர் இன்றுவரை தெரியாது. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு நான்காம், ஐந்தாம் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்று பக்கத்தை மட்டும் நல்ல தாளில் படியெடுத்து அதே இதழுக்கு மறுபடியும் அனுப்பினேன். அதையும் திருப்பி அனுப்பினார்கள். இந்த முறை பென்சில் குறி இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

வணக்கம்.