சிறைக்காய்ச்சலும் ஜாமீனும்

நேயர்களுக்கு வணக்கம்.

1750-இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு நியூகேட் சிறைக் கைதிகளை விசாரணைக்கு அழைத்து வந்தார்கள். கூடத்தில் கூட்டம் நெரிந்தது. சில நாட்களில் லண்டன் மேயர், நீதிபதிகள் இருவர் உள்படப் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். கைதிகள் அதே காய்ச்சலில் காலங்காலமாகச் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் அவசரம் தோன்றவில்லை. நீதிபதிகள் மாண்டதும் சிறைக்கூரையில் காற்றாலை ஏறியது, கெட்ட காற்றை வெளியேற்ற! அதைப் பொருத்தப்போன வேலையாட்கள் சிலரும் காய்ச்சலில் விழுந்தார்கள்.

சிறைக்காய்ச்சல் எனப்பட்ட அந்த டைபஸ் நோயைப் பரப்பியது உடையில் வாழும் பேன். 1909-இல் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல் இதைக் கண்டறிந்தார். நோயாளியைக் குளிப்பாட்டி உடை மாற்றிய பிறகு மருத்துவமனைக்குள் யாருக்கும் தொற்றவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த துப்பு.

பேனை அறியாமலேயே நோயைத் தடுக்க வழி கண்டவர் இங்கிலாந்தின் ஜான் ஹோவர்ட். 1773-இல் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் ஷெரீப், அதாவது சிறைக்கும் பொறுப்பான அதிகாரி, ஆனவர், சிறை சிறையாக ஏறி இறங்கினார். உடையில் ஏறிய நாற்றம் தாங்காமல் மூடுவண்டியை விட்டுக் குதிரையில் போனார். குறிப்பேட்டை நெருப்பருகே உலர்த்திய பிறகே தொட முடிந்தது. தூக்குமேடையைவிடக் காய்ச்சலே அதிகம் பேரைக் கொல்கிறது என்று எழுதினார். குளியல், சுவருக்குச் சுண்ணாம்பு, நோயாளிக்குத் தனியறை எல்லாம் 1774-இல் சட்டமாயின.

ஆனால் அவரை முதலில் உறுத்தியது நோய் அல்ல. நிரபராதி என்று தீர்ப்பான பிறகும், சிறைக்காவலருக்குக் கட்டணம் செலுத்த வழியில்லாதவர்கள் உள்ளேயே கிடந்தார்கள். அதே 1774-இல் இன்னொரு சட்டம் அவர்களை அந்தக் கட்டணத்திலிருந்து விடுவித்தது. உள்ளே ஆள் குறைந்தால் நெரிசலும் குறையும்; சுண்ணாம்பைவிடப் பெரிய மருந்து இதுதான் என்பேன்.

நம் நாட்டில் 2021 முடிவில் 100 பேருக்கான சிறை இடத்தில் 130 பேர் இருந்தார்கள். நால்வரில் மூவருக்கு மேல் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகைக்கு வழியில்லாதவர்களும் இவர்களில் உண்டு. காசநோய் பரவ இந்த நெரிசலே போதும். உள்ளே வரும்போதே சளியைச் சோதிக்கலாம். நோய் இருப்பவரைப் பிரித்துவைக்க அறை வேண்டுமே!

கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 23 அன்று, யாரையெல்லாம் பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடலாம் என்று முடிவுசெய்ய மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநிலச் சட்டப்பணிக் குழுத் தலைவர், உள்துறை அல்லது சிறைத்துறைச் செயலாளர், சிறைத்துறைத் தலைமை இயக்குநர் ஆகியோர் அதில் இருந்தார்கள். காசநோய்க்காகவும் அத்தகைய குழு கூட வேண்டும். இம்முறை ஒரு மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.