ஸ்மாஷுக்கு இரண்டு டச் முன்னால்: கல்லூரி வாலிபால் ஆட்டத்தை ரசிகர் எப்படிப் பார்க்கிறார்?

[திரையில்: உள்ளரங்கம். கூட்டம் இன்னும் வரவில்லை. இரண்டு மாணவர்கள் வலையை இழுத்துக் கட்டுகிறார்கள்.]

வணக்கம். கல்லூரி வாலிபால் ஆட்டத்துக்கு முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்மாஷைப் பார்த்துவிட்டு வருவார்கள். எகிறி அடிக்கிறார்கள், பந்து தரையில் வெடிக்கிறது, கூட்டம் கத்துகிறது. ரசிகராகவே ஆகிவிட்டவர்களின் கண் அங்கே இருக்காது. ஸ்மாஷுக்கு இரண்டு டச் முன்னால், பந்தை முதலில் வாங்குகிறவரின் கையில் இருக்கும். ஆட்ட நாள் முழுக்க அந்தக் கண் எங்கெங்கே போகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

முதல் விஷயம், ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள். இடம் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆட்டத்தில் நடக்கப்போகிற பாதி விஷயம் வார்ம்-அப்பிலேயே தெரிந்துவிடும். எதிரணியில் இடது கையால் அடிப்பவர் யார், சர்வீஸில் பந்தைச் சுழலவிடாமல் தட்டுபவர் யார், எகிறி முழு வேகத்தில் அடிப்பவர் யார் என்று பாருங்கள். அப்புறம், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் கைகள். நல்ல செட்டர் தூக்கிக் கொடுக்கும்போது விரல்களில் சத்தமே வராது. அவருக்கு முன்னால் போகும் பந்தும் முதுகுக்குப் பின்னால் போகும் பந்தும் நிற்கும் ஒரே தோரணையிலிருந்து கிளம்பினால், வலையருகே எகிறிக் கையால் தடுக்கும் எதிரணி பிளாக்கர்களுக்கு அன்று பெரும் பாடுதான்.

[திரையில்: நடுவர் அளவுகோலை வலையின் நடுவே நிறுத்துகிறார்.]

இந்த நேரத்தில் நடுவர் வலையின் உயரத்தைச் சரிபார்ப்பார். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். வலையின் இரு ஓரத்திலும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட குச்சிகள் நிற்கும். அவைதான் ஆன்டெனா. வலைக்கு மேலே 80 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். பந்து அதைத் தொட்டால் அவுட். ஓரத்திலிருந்து அடிப்பவருக்கு அதுதான் எல்லை.

எங்கே உட்காருவது? பக்கவாட்டில் நடு இடம்தான் நல்ல இடம் என்று பலர் நினைப்பார்கள். எனக்கு சர்வீஸ் போடும் பக்கத்து எல்லைக்கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான வரிசைதான் பிடிக்கும். பயிற்சியாளர்கள் ஆட்டத்தைப் படம் பிடிக்கக் கேமராவை வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பக்கவாட்டில் இருந்தால் பந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவது மட்டும் தெரியும். பின்னால் இருந்தால் பிளாக்கில் விழும் இடைவெளி, பாதுகாப்பில் இரண்டு பேருக்கு நடுவே யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் தரை, எல்லாம் அப்படியே தெரியும்.

உட்கார்ந்தாயிற்று. ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வெளியே எடுங்கள்.

ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் பயிற்சியாளர் ஆறு பேரின் இடத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். நமக்கு அந்தச் சீட்டு கிடைக்காது, ஆனால் வீரர்கள் கோர்ட்டில் நின்றவுடன் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: செட்டர் எங்கே நிற்கிறார்? முன்வரிசையிலா, பின்வரிசையிலா?

ஒரே ஒரு செட்டரை வைத்து ஆடும் அணியில் இதுதான் ஆட்டத்தின் சாவி. செட்டர் பின்வரிசையில் இருந்தால் முன்வரிசையில் அடிப்பதற்கு மூன்று பேர் இருப்பார்கள். அவரே முன்வரிசைக்கு வந்துவிட்டால் இரண்டு பேர்தான். ஆனால் அப்போது அவருக்கு இன்னொரு ஆயுதம் கிடைக்கிறது. தூக்கிக் கொடுப்பது போலப் பாவனை காட்டி, இரண்டாவது டச்சிலேயே பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடலாம். பின்வரிசையில் இருக்கும்போது இதைச் செய்ய முடியாது. வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டுக்கு முன்னால் நின்று, முழுக்க வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பினால் ஃபவுல். ஒரு அணி திடீரென்று தொடர்ச்சியாக ஐந்து பாயின்ட் விட்டால், 'சோர்ந்துவிட்டார்கள்' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். நோட்டைப் பாருங்கள். பெரும்பாலும் செட்டர் முன்வரிசைக்கு வந்து, அடிப்பதற்கு இரண்டே பேர் மிஞ்சிய ரொட்டேஷனாக, அதாவது வீரர்கள் சுற்றி இடம் மாறி வரும் வரிசையில் அந்தக் கட்டமாக இருக்கும்.

[திரையில்: ஸ்கோர் பலகை 19-19. காட்சி மெதுவாக ஓடுகிறது.]

இப்போது ஒரு ராலியை, அதாவது சர்வீஸிலிருந்து பாயின்ட் வரை நடப்பதை, மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மூன்றாவது செட், 19-19. எதிரணி சர்வீஸ்.

பந்து சுழலாமல் வருகிறது. சுழலும் பந்து எங்கே இறங்கும் என்று ஓரளவு கணிக்கலாம். முன்னோக்கிச் சுழன்றால் சட்டென்று கீழே இறங்கும், அவ்வளவுதான். சுழலாத பந்து அப்படி இல்லை. அதன் மேல் ஓடும் காற்று பந்தை விட்டுப் பிரியும் இடம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பந்து கடைசி நொடியில் பக்கவாட்டில் நழுவும், இல்லையென்றால் பொத்தென்று விழும். வேகம் வேறு வகைச் சோதனை. ஆண்களின் சர்வதேச ஆட்டங்களில் சில சர்வீஸ்கள் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். கோர்ட்டின் நீளம் 18 மீட்டர். அந்த வேகத்தில் பந்து மறு கோடி வந்து சேர அரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். வாங்குகிறவருக்கு யோசிக்க நேரம் கிடையாது, கால் முதலிலேயே அங்கே இருந்தாக வேண்டும்.

சரி, நம் ராலிக்கு வருவோம். பின்வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே பந்து நழுவுகிறது. ஒருவர் 'என்னுது' என்று குரல் கொடுத்து, இடது காலை ஒரு எட்டு வைத்து, இரண்டு முன்கைகளையும் சேர்த்துப் பலகை போல நீட்டுகிறார். கையை வீசவில்லை. தோளை மட்டும் கொஞ்சம் சாய்த்துக் கோணத்தை மாற்றுகிறார். பந்து அலட்டிக்கொள்ளாமல் எழுந்து, வலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி செட்டரின் தலைக்கு மேல் இறங்குகிறது.

இப்போது பந்தை விட்டுவிட்டு வலையின் நடுவைப் பாருங்கள். செட்டர் இன்னும் பந்தைத் தொடவே இல்லை, அதற்குள் நடு வீரர் காற்றில் எகிறிவிட்டார். எதிரணியின் நடு பிளாக்கருக்கு இரண்டே வழிதான் உண்டு. அவரோடு சேர்ந்து எகிறலாம், அல்லது காத்திருக்கலாம். பிளாக்கர் எகிறினார். அந்தக் கணத்தில் செட்டர் பந்தை இடது ஓரத்துக்கு அனுப்பிவிட்டார். நடு பிளாக்கர் தரையில் இறங்கி ஓடி வருவதற்குள் ஓரத்தில் அடிப்பவர் எதிரே ஒரே ஒரு ஜோடிக் கைதான் நிற்கிறது. ஸ்மாஷ். 20-19.

கூட்டம் அடித்தவரின் பெயரைச் சொல்லிக் கத்தும். கத்தட்டும், அவரும் நன்றாகத்தான் அடித்தார். ஆனால் சர்வீஸை வாங்கிச் செட்டருக்கு அனுப்பிய அந்த முதல் பாஸ் வலையிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி விழுந்திருந்தால்? நடுவில் வேகமாக அடிக்கும் வழி அடைபட்டுவிடும். செட்டர் ஓடிப்போய் உயரமாக ஓரத்துக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பந்து இறங்குவதற்குள் இரண்டு பிளாக்கர்கள் நிதானமாக வந்து நின்றிருப்பார்கள். அதே ஆள், அதே அடி, பாயின்ட் எதிரணிக்குப் போயிருக்கலாம். பாஸ் போட்டவருக்குக் கை தட்டுங்கள். பெரும்பாலான நாட்களில் அவருக்கு வேறு யாரும் தட்ட மாட்டார்கள்.

பயிற்சியாளர்கள் ஒவ்வொரு பாஸுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவது வழக்கம். செட்டருக்கு எல்லா வழியும் திறந்திருந்தால் 3. உயரமாகத் தூக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றால் 1. சர்வீஸே பாயின்ட் ஆகிவிட்டால் 0. நோட்டில் இதை ஒரு செட்டுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று ஸ்கோர் பலகையைவிட முன்னதாகவே தெரிய ஆரம்பிக்கும்.

[திரையில்: வேறு நிற ஜெர்சி அணிந்தவர் தரையில் பாய்கிறார்.]

மற்றவர்களிடமிருந்து மாறுபட்ட நிறத்தில் ஜெர்சி போட்டிருக்கும் ஒருவர் இருக்கிறாரே, அவர் லிபரோ. சர்வதேச வாலிபாலுக்கு 1998-ல் வந்த இடம் இது. பின்வரிசையில் மட்டும்தான் ஆடுவார். பிளாக் செய்ய முடியாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கவும் முடியாது. பந்தைத் தரையில் விழாமல் காப்பது ஒன்றுதான் அவர் வேலை. சர்வதேச விதியில் அவருக்கு சர்வீஸ் போடவும் அனுமதி இல்லை. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் ஒரு ரொட்டேஷனில் மட்டும் போடலாம்.

லிபரோ செய்யும் ஒரு காரியத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். பந்து தரைக்கு அரை அடி மேலே வந்துவிட்டது, முன்கையை அடியில் கொண்டுபோக இடமில்லை. அவர் குப்புறப் பாய்ந்து, உள்ளங்கையைத் தரையோடு தரையாக ஒட்டித் தள்ளுகிறார். பந்து தரையில் படாமல் அந்தப் புறங்கையில் பட்டு எழும்புகிறது. கையின் கனம் ஒரு அங்குலம்கூட இல்லை. அந்த ஒரு அங்குலத்தில் ராலி உயிரோடு இருக்கிறது.

நடுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கை தரையைக் காட்டினால் பந்து உள்ளே. இரண்டு முன்கைகளும் செங்குத்தாக மேலே போனால் அவுட். ஒரு கையை நிமிர்த்தி, மறு உள்ளங்கையால் அதன் விரல்களைத் தேய்த்தால், போகும் வழியில் பந்து பிளாக்கரின் கையில் பட்டுவிட்டது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டால், வெளியே விழுந்த பந்துக்கு எப்படிப் பாயின்ட் கொடுத்தார்கள் என்ற குழப்பம் வராது. தேர்ந்த அடிப்பாளர்கள் வேண்டுமென்றே பிளாக்கரின் விரல்நுனியைக் குறிவைத்து வெளியே தெறிக்கவிடுவார்கள்.

சத்தம் போடுவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. எதிரணி சர்வீஸ் வாங்கும்போது கூரை பறக்கக் கத்துங்கள். நம் அணி வாங்கும்போது கொஞ்சம் அடங்குங்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் குரல் அவர்களுக்குக் கேட்க வேண்டும். விசில் மட்டும் கொண்டுபோகவே வேண்டாம். நடுவரின் விசிலுக்குப் பிறகு 8 வினாடிக்குள் சர்வீஸ் போட வேண்டும் என்பது விதி. கூட்டத்திலிருந்து வரும் விசில் ஆட்டத்தையே குழப்பிவிடும். எதிரணிப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கேலி செய்வதும் வேண்டாம். அவர்களும் நாளைக்குப் பரீட்சை எழுதப்போகிற மாணவர்கள்தான்.

வாலிபாலுக்கும் கல்லூரிக்கும் உள்ள உறவு பழையது. வில்லியம் மார்கன் 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அணிக்கு ஐந்து பேராக இரண்டு அணிகளைக் கூட்டிப்போய், அவர் இதை ஆடிக் காட்டியது ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ பயிற்சிக் கல்லூரியில். இன்று அது ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி. அங்கிருந்து எங்கே வந்திருக்கிறது பாருங்கள். 2023 ஆகஸ்ட் 30 அன்று லிங்கன் நகரில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியத்தில், அமெரிக்கக் கால்பந்து ஆடும் திடலின் மேல் வாலிபால் கோர்ட் அமைத்தார்கள். நெப்ராஸ்கா பெண்கள் அணி ஒமாஹா அணியை 3-0 என்று வென்ற அந்த ஆட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட கூட்டம் 92,003 பேர். கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பை வற்புறுத்திய டைட்டில் நைன் சட்டம் அங்கே வந்தது 1972-ல். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ நடத்தும் பெண்கள் வாலிபால் பட்டத்துக்கான போட்டி முதலில் நடந்தது 1981-ல். ஒன்பது ஆண்டு கழித்துத்தான் அதுவே நடந்தது. அந்த ஆகஸ்ட் மாலையைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

[திரையில்: ஐந்தாவது செட். 8-7. அணிகள் பக்கம் மாறுகின்றன.]

ஆட்டம் 2-2 என்று வந்தால் ஐந்தாவது செட். இது 25 இல்லை, 15 பாயின்ட்தான். இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். 8 பாயின்ட்டில் பக்கம் மாறுவார்கள். முன்பெல்லாம் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே பாயின்ட் கிடைக்கும், ஆட்டம் எப்போது முடியும் என்றே தெரியாது. 1998-ல் எல்லா செட்டிலும் ஒவ்வொரு ராலிக்கும் பாயின்ட் என்று சர்வதேச சம்மேளனம் முடிவெடுத்த பிறகு, ஒவ்வொரு தப்புக்கும் விலை உண்டு. இந்தச் செட்டில் பெஞ்சையும் பாருங்கள். உள்ளே இறங்க வாய்ப்பே கிடைக்காதவர்கள் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் எழுந்து நிற்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பாயின்ட் எடுத்தாலும் விட்டாலும் ஒரு நொடி நடுவில் கூடிக் கை தொட்டுவிட்டுத்தான் பிரிவார்கள். விட்ட பாயின்ட்டுக்குப் பிறகு அந்தக் கூட்டம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைப் பார்த்தால், அணி உடைந்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரத் தாள் கிடைத்தால் ஒரு கணக்குப் போடுங்கள். ஒருவர் அடித்துப் பெற்ற பாயின்ட்டிலிருந்து அவர் அடியில் செய்த தப்புகளைக் கழித்து, மொத்தம் அடித்த தடவைகளால் வகுக்க வேண்டும். 30 முறை அடித்து 12 பாயின்ட், 4 தப்பு என்றால், 8-ஐ 30-ஆல் வகுக்க 0.267. இன்னொருவர் 15 பாயின்ட் எடுத்தும் 45 முறை அடித்து 9 தப்பு செய்திருந்தால் 0.133தான். கூட்டம் கொண்டாடியது ஒருவரை, ஆட்டத்தைத் தாங்கியது இன்னொருவர் என்பது இந்தத் தாளில் தெரியும். பாஸ் போட்டவரின் உழைப்பு மட்டும் இதிலும் சரியாகத் தெரியாது. அதற்குத்தான் உங்கள் நோட்டு.

கல்லூரி ஆட்டக்காரர்களை நாம் பார்க்கக் கிடைப்பது மூன்று நான்கு வருடம்தான். முதல் வருடம் கை நடுங்க சர்வீஸை வலையில் போட்டவர், கடைசி வருடம் 14-14-ல் பந்தைத் தானே கேட்டு வாங்கிப் போவார். அதற்கப்புறம் அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் உடனே கிளம்பிவிடாதீர்கள். இரு அணிகளும் வலை ஓரமாக வந்து கை கொடுத்து முடிக்கும் வரை இருங்கள். அப்புறம் கீழே இறங்கிப் போய், லிபரோவிடமோ பாஸ் போட்டவரிடமோ நோட்டைத் திறந்து காட்டி, '19-19-ல் நீங்க எடுத்த பந்துதான் அந்த செட்டைத் திருப்புச்சு' என்று சொல்லுங்கள்.