மழை எட்டாத ஸ்பிதி

அவையோருக்கு வணக்கம்.

இமயம் என்றதும் தேவதாரு மரங்களும் பனிச்சரிவும் நம் கண்முன் வந்துவிடுகின்றன. நான் பேச வந்திருப்பது பச்சை அற்றுப்போன இமயத்தைப் பற்றி. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு ஒரு குளிர்ப் பாலைவனம். மணாலியிலிருந்து போனால் 4,551 மீட்டர் உயரத்தில் குன்சும் கணவாயைக் கடக்க வேண்டும். பனிக்காலத்தில் அது மூடிக்கொள்ளும். கின்னோர் வழியாகச் சுற்றித்தான் போகலாம்.

பருவமழை மேகங்கள் மலையின் தென்சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. இந்தப் பக்கம் வந்து சேர்வது சொற்பம். வேடிக்கை என்னவென்றால், இந்த வறண்ட மண் ஒரு காலத்தில் டெதிஸ் என்ற பழங்காலக் கடலின் தரை. லாங்சா கிராமத்தருகே கரிய களிப்பாறையில் சுருள்சுருளாக அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. நம் பூசையறைச் சாளக்கிராமமும், நேபாளத்தின் கண்டகி ஆறு தருவது, இதே இனம்தான்.

மழை இல்லாத ஊரில் பயிர் எப்படி? மேலே உருகும் பனிநீரைக் 'கூல்' என்ற வாய்க்கால்களில் மலைச்சரிவோடு இறக்கி, பார்லியும் பட்டாணியும் விளைவிக்கிறார்கள். நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் இந்தத் தண்ணீரையும் பங்கு போட வேண்டுமே! அதனால் நிலமும் பெரிய வீடும் மூத்த மகனுக்கே என்பது பழைய வழக்கம். இளையவர்கள் பலர் பௌத்த மடாலயத்துக்குத் துறவியாகப் போனார்கள். காரணம் பக்தி என்பார்கள். வாய்க்கால் கணக்கும்தான் என்பேன் நான்.

அந்த மடாலயங்களில் மூத்தது தாபோ. மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ கி.பி. 996இல் எழுப்பியது, 1042இல் புதுப்பிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண்கட்டடம், ஏமாந்துவிடுவீர்கள். உள்ளே சுவர் நெடுகச் சுதையால் செய்த தெய்வ உருவங்கள், அவற்றைச் சுற்றி ஓவியங்கள். நடுவே நான்கு உருவங்களாக, முதுகோடு முதுகு ஒட்டி நான்கு திசையும் பார்த்து அமர்ந்திருக்கிறார் வைரோசனர் என்ற புத்தர். 1975ஆம் ஆண்டு நிலநடுக்கம் இதையும் உலுக்கிச் சேதப்படுத்தியது, ஆனாலும் நிற்கிறது.

ஆயிரம் ஆண்டுகளாக மண்சுவர் கரையாமல் நிற்பதற்கு எந்தப் பொறியாளரைப் பாராட்டுவது? மழை மறைவைத்தான். கூரையும் மண்தான். விடாமல் ஒரு நாள் மழை பிடித்தால் நீர் கசிந்து ஓவியத்தில் இறங்கிவிடும். தமிழ்நாட்டில் மழைக்காக யாகம் செய்கிறோம். தாபோவில் மேகம் கறுத்தால் வயிற்றில் புளி கரைக்கிறது.

போகிறவர்கள் டார்ச் லைட் எடுத்துச் செல்லுங்கள், உள்ளே இருட்டு. கேமராவுக்கு அனுமதி கிடையாது.