அச்சைத் தூக்கும் நேரம்

(காரைக்குடியில் ஒரு வீட்டு வளவில், ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பட்டாலையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார், தூணில் சாய்ந்து நிற்கும் தம்பிமார், எல்லோரும் வலது கையை ஒரு தரம் விரித்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே அடியில் கொஞ்சம் தோல் மடிப்புத் தெரிகிறதா? கருவில் ஆறேழு வாரம் வரைக்கும் அந்த இடம் முழுக்கச் சதைதான். கை ஒரு துடுப்பு மாதிரி இருந்தது. அந்தச் சதையில் இருந்த செல்கள் செத்தன, விரல்கள் பிரிந்தன.

அறுப்பு முடிந்த வயலில் மேய வரும் வாத்தின் காலைப் பார்த்திருப்பீர்கள். அதன் கருவிலும் 'செத்துப்போ' என்ற சேதி அந்த இடத்துக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் கிரெம்லின் என்று ஒரு புரதம் குறுக்கே நின்று சேதியை மறித்துவிடுகிறது. அதனால் வாத்துக்கு நீச்சல், நமக்கு இடியாப்பம் பிழியும் கை.

பத்திரிகைகளில் இதைச் 'செல்லின் தற்கொலை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவே பிடிக்காது. 1972-இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் இதற்குப் பெயர் தேடியபோது, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருந்த ஒரு கிரேக்க மொழிப் பேராசிரியர் 'அபாப்டோசிஸ்' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தார். மரத்திலிருந்து இலை உதிர்வது என்று பொருள். நம்மிடம் 'உதிர்வு' என்று அழகான சொல் இருக்கும்போது தற்கொலை எதற்கு?

அடுத்து ஒரு புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம், மண்ணில் வாழ்வது, உடம்பு கண்ணாடி மாதிரி. அதில் ஆணும் பெண்ணும் ஒன்றாய் இருக்கும் இருபால் புழு வளரும்போது உடற்செல்கள் 1090 உண்டாகின்றன. அவற்றில் 131 உதிர்கின்றன, 959 நிற்கின்றன. எந்த இருபால் புழுவை எடுத்தாலும் அதே 131 தான். வட்டிக்கடைப் பேரேட்டில்கூட இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை. சல்ஸ்டன் ஒவ்வொரு செல்லின் வம்சத்தையும் நுண்ணோக்கி வழியே கண்ணால் பார்த்து எழுதினார். ஹார்விட்ஸின் ஆய்வகம் உதிர்வை நடத்தும் மரபணுக்களைக் கண்டுபிடித்தது. புழுவை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த பிரென்னரோடு சேர்த்து மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு. அந்த மரபணுக்களில் ஒன்றான செட்-3 செய்யும் புரதம் ஒரு கத்தரிக்கோல். மற்றப் புரதங்களை வெட்டும். அந்தக் குடும்பத்துக்குக் காஸ்பேஸ் என்று பெயர். நம் உடம்பிலும் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சிறு கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றுவார்கள். எல்லாம் ஊற்றியபின் அச்சை நேராகத் தூக்கவேண்டும். கை நடுங்கினால் பச்சையும் சிவப்பும் கலந்துவிடும். தூக்காமலே விட்டால் கல்லே இல்லை. அச்சு கல்லில் இருக்காது. பூவை உண்டாக்கியது அதுதான்.

ஆண் புழுவில் அப்படி ஒரு செல் உண்டு. இனப்பெருக்கக் குழாய் வளரும்போது முன்னால் வழிகாட்டிக்கொண்டே போகும். வாசல்வரை கொண்டுவந்து சேர்த்ததும் அது சாகவேண்டும். செத்தால்தான் வழி திறக்கும். வேடிக்கை என்னவென்றால், கத்தரிக்கோல் புரதங்களை எடுத்துவிட்டாலும் அது செத்துவிடுகிறது. ஷாஹம் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2007-இல் இதைக் காட்டினார்கள். அதுவரை உதிர்வுக்கு ஒரே வாசல் என்று நினைத்தவர்களுக்குப் பின்கட்டில் இன்னொரு வாசல் தெரிந்தது.

எலியிலும் கதை இப்படித்தான். உதிர்வைத் தொடங்கிவைக்கும் பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்களும் இல்லாத எலிகளுக்கு விரலிடைத் தோல் அப்படியே தங்கிவிடுகிறது. இது 2000-இல் தெரிந்தது. 2018-இல் போக் என்ற மூன்றாவதையும் சேர்த்து நீக்கினார்கள். பெரும்பாலான குட்டிகள் பிழைக்கவில்லை. ஆனால் ஒரு சில வளர்ந்து பெரிய எலிகளாகவே ஆயின. உதிர்வு இல்லாமல் உடம்பே உருவாகாது என்று வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கட்டுரையைப் படித்த மறுநாள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

செத்த செல்லை யார் எடுப்பது? பக்கத்து வீட்டுக்காரர்தான். அண்டைச் செல்கள் விழுங்கிவிடும். புழுவில் 2001-இல் பார்த்தது இன்னும் சுவாரசியம். கத்தரிக்கோல் கொஞ்சம் மழுங்கிய புழுக்களில், விழுங்கும் மரபணுக்களையும் கெடுத்தால், சாகத் தொடங்கிய சில செல்கள் மீண்டு எழுந்து விட்டன. அதாவது பக்கத்து வீட்டார் பிணம் தூக்க மட்டும் வரவில்லை, முடித்துவைக்கவும் வந்திருக்கிறார்கள்.

மனிதச் செல்களையும் ஆய்வகத் தட்டில் ஆல்கஹாலில் வைத்துச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனார்கள். சுருங்கி, குமிழ்விட்டன. ஆல்கஹாலைக் கழுவியதும் பல பழையபடி விரிந்தன. 2012-இல் இதற்கு 'அனஸ்டாசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். உயிர்த்தெழுதல் என்று பொருள்.

முன்வரிசையில் ஓர் ஆச்சி கையைத் தூக்குகிறார்கள்... "ஏம்ப்பா, அப்படி எழுந்து வந்தது பழைய ஆளாவே இருக்குமா?"

நல்ல கேள்வி ஆச்சி. எல்லாம் இருக்காது. சிலவற்றின் குரோமோசோம்களில் கோளாறு தங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் புற்றுநோய் ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கவலையோடு கவனிக்கிறார்கள்: மருந்தில் சாகப்போன செல், மருந்து நின்றதும் திரும்பி வருமா என்று. தட்டில் வருகிறது. நோயாளியின் உடம்பில் நோய் திரும்புவதற்கு இதுதான் காரணம் என்று இன்னும் யாரும் நிறுவவில்லை. அடுத்த கேள்வி, அந்தத் தூணுக்குப் பக்கத்திலிருந்து, தம்பி.