ஞாயிறு வேலையும் சிமென்டின் பத்து நாளும்

நேயர்களுக்கு வணக்கம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, கடல் எங்கே நாம் எங்கே என்றுதான் சேலத்தில் பலரும் இருந்தார்கள். அடுத்த இரண்டு நாளில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இப்படி ஒரு மழைக்குப் பிறகு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு வீடு கட்டித்தரக் கிளம்பும் தேவாலயப் பங்கு இளைஞர் குழுக்களும் சபைக் குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை நுணுக்கங்களைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் வருவது சனி, ஞாயிறு. சிமென்டுக்குக் கிழமை தெரியாது. சிக்கல் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது.

முதலில் சேறு அள்ளுவது. 10-க்கு 10 அறையில் ஓரடி சேறு நின்றால் 100 கன அடி, ஏறக்குறைய 5 டன். சட்டிக்கு 20 கிலோ என்றால் 250 சட்டி. ஆளாளுக்குச் சுமந்து ஓடாமல் வரிசையாக நின்று கைமாற்றினால் பன்னிரண்டு பேர் ஒரு காலைப் பொழுதில் முடிப்பார்கள். எந்தப் பக்கம் முதலில் அள்ளுவது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வெளியே மூன்றடி மண் சுவரை அழுத்திக்கொண்டிருக்கும்போது உள்ளே மட்டும் வாரிவிடாதீர்கள். உள்ளே கிடந்த சேறுதான் அதுவரை சுவருக்கு முட்டாக இருந்தது. அதை எடுத்ததும் சுவர் உள்ளே இருப்பவர்கள் மேல் சாயும். வெளிமண்ணை முதலில் குறையுங்கள், பிறகு இரண்டு பக்கமும் சமமாக இறக்குங்கள். அதற்கும் முன்னால் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள், சுவர் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். அள்ளிய மண் ஓடையிலும் சரிவின் விளிம்பிலும் போகக் கூடாது.

அடுத்தது இடம். வீட்டுக்கு மேலே சரிவில் பிறை மாதிரி புதிய வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்த சில்வர் ஓக் மரங்கள், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அங்கே கட்ட வேண்டாம். மாற்று இடத்துக்கு வருவாய்த்துறையிடம் மனு கொடுப்பதுதான் அப்போது குழுவின் வேலை. சந்தேகமாக இருந்தால், உள்சுவர் விரிசலின் குறுக்கே விரல் அகலத்தில் சிமென்ட் பூச்சு வைத்துப் பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் பூச்சு வெடித்தால் நகர்வு இன்னும் நிற்கவில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். கூரை போட்டபிறகு அது காட்டு நிலம் என்று தெரிந்தால் யாராலும் உதவ முடியாது.

அடித்தளம் பாதி வெட்டிய நிலத்திலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கக் கூடாது. கொட்டிய மண் அமுங்கும், வெட்டிய நிலம் அமுங்காது, நடுவில் வீடு பிளக்கும். சரிவில் வானத்தை, அதாவது அடித்தளப் பள்ளத்தை, படிப்படியாக வெட்டுங்கள். அதன் அடி சாய்வாக இருந்தால் கருங்கல் கட்டு வழுக்கும்.

இனி கான்கிரீட். 50 கிலோ சிமென்ட் மூட்டையின் கன அளவு 35 லிட்டர். 35 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 40 உயரத்தில் ஒரு பெட்டி அடித்துக்கொண்டால் அதுதான் அளவு. ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி முக்கால் இஞ்ச் ஜல்லி, 25 லிட்டர் தண்ணீர். மூடுபனியில் கிடந்த ஈர மணல் உப்பியிருக்கும். பெட்டி நிறைந்தாலும் உள்ளே மணல் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கலாம், அதைச் சேர்த்துப் போட வேண்டும். அதேசமயம் அந்த மணலிலேயே தண்ணீர் இருப்பதால் வாளித் தண்ணீரைக் குறைக்க வேண்டும். புதிதாக வரும் தம்பிகள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கலவை கெட்டியாக இருக்கிறது, சட்டியில் தள்ள முடியவில்லை என்று இன்னொரு குடம் ஊற்றுவார்கள். கை சுகமாக இருக்கும், பலம் போய்விடும். குடத்தின் பக்கம் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள், கணக்குப் படித்தவராக இருந்தால் நல்லது.

இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசி (PPC) என்னும் சாம்பல் கலந்த சிமென்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். ஞாயிறு மாலை கான்கிரீட் போட்டுவிட்டு வேன் ஏறினால், திங்கள் முதல் யார் ஊற்றுவது? வீட்டுக்காரர்கள் ஊற்றுவார்கள் என்பது மலை தெரியாத பேச்சு. டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை. விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். அதனால் தளம் போடும் முன்பே பத்து நாளுக்கு ஆள் பட்டியல் எழுதுங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் காலையும் மாலையும் பார்த்தால் போதும். தூணுக்கும், சுவர் மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட்டுக்கும் காப்பி மூட்டைச் சாக்குகளைச் சுற்றி நனையுங்கள். அது அங்கே எல்லா வீட்டிலும் கிடக்கும். பனி இருக்கிறதே, ஈரம் போதாதா என்று கேட்பார்கள். போதாது, பகல் காற்று உறிஞ்சிவிடும். இரவுக் குளிரில் இறுகுவதும் மெதுவாகத்தான் நடக்கும், அதனால் சிறிய அறையானாலும் தளத்தைத் தாங்கும் முட்டுகளை 14 நாள் தொடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறுக்குக் கணக்கு சரியாக வரும்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதோடு லாரியின் வேலை முடியும். அங்கிருந்து ஜீப்போ தலைச்சுமையோதான். 16 அங்குல நீளம், 8 உயரம், 6 கனமுள்ள சிமென்ட் சாலிட் பிளாக் ஒன்றே ஏறக்குறைய 27 கிலோ இருக்கும். சிமென்டை அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் ஏற்றுங்கள். தரையிலிருந்து அரையடி உயரப் பலகையில், சுவரை ஒட்டாமல், பாலித்தீன் மூடி அடுக்குங்கள். விரலால் நசுக்கியும் உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டை கட்டடத்துக்கு ஆகாது.

கூரை ஷீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணிக்கான துளையை ஷீட் அலையின் மேட்டில்தான் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். உடைந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டை நனைத்து, முகக்கவசம் போட்டு முழுசாக எடுங்கள், அறுக்காதீர்கள்.

கரண்டியும் ரசமட்டமும் கொத்தனார் கையில் இருக்கட்டும். அந்த மலையிலேயே கொத்தனார் இருப்பார், அவருக்கு முழுக் கூலி கொடுங்கள். மழையில் அவருக்கும் வேலை போயிருக்கும். இலவச உழைப்பு என்று போய் அவர் பிழைப்பைக் கெடுப்பது உதவி ஆகாது. வீடு யாருக்கு என்பதைக் பங்குக் கோயில் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஊர்க் கூட்டத்தில் பட்டியல் வாசியுங்கள்.

கடைசியாக, வீட்டின் பின்பக்கம். மலையில் வீட்டைச் சாய்ப்பது பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர். வெட்டிய சரிவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே குறைந்தது ஐந்தடி விடுங்கள். சரிவைத் தாங்கும் தடுப்புச்சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக 3 அங்குல பிவிசி குழாயை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். அதன் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்புங்கள். ஜல்லி இல்லாத குழாயை மண் ஒரே மழையில் அடைத்துவிடும். சுவர் அடியில் ஓரடிக்கு ஓரடி வாய்க்கால், 10 அடிக்கு 2 அங்குலம் இறக்கம்.

சாவி கொடுத்தபிறகு இன்னொரு நாள் ஒதுக்குங்கள், மழை பெய்யும் நாளாக. மண்வெட்டியோடு போய்ப் பின்பக்கம் நின்று பாருங்கள். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருகிறதா, ஒன்று மட்டும் காய்ந்திருக்கிறதா? காய்ந்த குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டால் பெரும்பாலும் சில்வர் ஓக் சருகு சுருட்டிக்கொண்டு வெளியே வரும், அதன் பின்னாலேயே ஒரு குடம் செம்மண் தண்ணீரும்.