வேறு பட்டறைகளில் பிறந்த வண்டிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலி நாட்டு இருசக்கர வண்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை வெஸ்பாவும் லாம்ப்ரெட்டாவும்தான். மோட்டார் சைக்கிள் பிரியர்கள் டுகாட்டியையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த டுகாட்டியே 1926இல் பொலோன்யா நகரில் வானொலி உதிரிப்பாகங்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம் என்பதை, ஒலிவாங்கியின் முன் அமர்ந்து சொல்வதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. இப்படி வேறு தொழிலிலிருந்து வண்டிக்கு வந்தவர்கள் இத்தாலியில் பலர். அவர்களில் அதிகம் பேசப்படாத சிலரின் வண்டிகளில் பழைய தொழிலின் கைவாகு எப்படித் தெரிகிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

வரேசே நகரின் ஏர்மாக்கி, விமான நிறுவனம். 1934இல் மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்த கடல் விமானம் அவர்களுடையது. போர் முடிந்தபின் விமான வேலை நின்றுபோக, முதலில் மூன்று சக்கரச் சரக்கு வண்டியும், பிறகு மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். 1956இல் இயந்திரம் முழுவதையும் தகட்டால் மூடி, விமானம்போல வழவழப்பாகக் காட்டிய 'கிமேரா' விற்கவில்லை. மூடியைக் கழற்றிவிட்டு, படுக்கைவாட்டில் கிடந்த சிலிண்டர் வெளியே தெரியும்படி விற்ற வண்டிகளே ஓடின. 1960இல் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் அந்த மோட்டார் சைக்கிள் பிரிவில் பாதியை வாங்கிக்கொண்டது.

ரென்சோ ரிவோல்தாவின் ஐசோ நிறுவனமோ குளிர்சாதனப் பெட்டி செய்துகொண்டிருந்தது. மிலான் அருகே பிரெஸ்ஸோவில் இருந்த அந்தத் தொழிற்சாலை ஸ்கூட்டருக்கு மாறி, 1953இல் 'இசெட்டா' என்னும் முட்டை வடிவச் சிறு காரை வெளியிட்டது. இரண்டேகால் மீட்டர் நீளம், 236 சிசி இயந்திரம், இருவர் அமர ஒரே இருக்கை. பக்கவாட்டில் கதவே கிடையாது. வண்டியின் முகம் முழுவதுமே கதவு. அதைத் திறந்தால் ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே சாய்ந்து வழிவிடும். பின்னர் காலை உள்ளே வைத்து, திரும்பி உட்கார வேண்டும். குளிர்பெட்டிக்காரர் வேறு எப்படித்தான் கதவு வைப்பார் என்று கேலி செய்யத் தோன்றும். ஆனால் அதை வடிவமைத்த எர்மெனெஜில்தோ ப்ரெத்தி விமானப் பொறியாளர். மூக்குப்பகுதியைத் திறந்து சரக்கேற்றும் கிளைடர், அதாவது இயந்திரமில்லாத விமானம், ஒன்றைப் போர்க்காலத்திலேயே வரைந்தவர். பின்சக்கரங்கள் இரண்டையும் ஏறத்தாழ அரை மீட்டர் இடைவெளியில் நெருக்கி வைத்ததால், வளைவுகளில் அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும் தேவைப்படவில்லை, செலவு மிச்சம். இருந்தும் சொந்த ஊரில் இசெட்டா விலைபோகவில்லை. உரிமம் வாங்கிய ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, தன் மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பொருத்தி, 1955 முதல் 1962 வரை 1,60,000க்கு மேல் விற்றது. பெயர் பிஎம்டபிள்யூவுக்குப் போனது, மூளை பிரெஸ்ஸோவினுடையது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் பெசாரோ நகரின் ஜியான்கார்லோ மோர்பிதெல்லி. மரவேலை இயந்திரங்கள் செய்து விற்றுப் பொருளீட்டிய அவர், அந்தத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் பந்தய மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார். மரத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அறுக்கும் இயந்திரம் செய்பவருக்கு, சிறிய இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இயந்திரம் அந்நியமில்லைதான். ஆனால் முதலில் வந்தது துயரம். 1972இல் 125 சிசி உலகப் போட்டித் தொடரில் அவருடைய வண்டியில் முன்னணியில் இருந்த ஜில்பெர்தோ பார்லோத்தி, பிரிட்டனை அடுத்த ஐல் ஆஃப் மேன் தீவின் மலைச்சாலைப் பந்தயத்தில் மழையில் சறுக்கி விழுந்து இறந்தார். பெரும் வீரரான ஜியாகோமோ அகோஸ்தினி அதன்பின் அந்தப் பாதையில் ஓட்ட மறுத்துவிட்டார்.

மோர்பிதெல்லி விலகவில்லை. யோர்க் மோல்லர் என்ற ஜெர்மன் பொறியாளரை அழைத்து வந்தார். 1975, 1976, 1977 என மூன்றாண்டுகள் தொடர்ந்து 125 சிசி உலகப் பட்டமும், 1977இல் 250 சிசி பட்டமும் அந்த மரவேலை இயந்திரக்காரரின் வண்டிகளுக்குக் கிடைத்தன. முதுமையை நெருங்கும் வயதில், எட்டு சிலிண்டர் கொண்ட சாலை மோட்டார் சைக்கிள் ஒன்றையும் செய்து பார்த்தார். விலையும் தோற்றமும் கைகொடுக்காததால் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே அவை உருவாயின. 2020இல் அவர் காலமானார். அந்த எட்டு சிலிண்டர் வண்டிகளில் ஒன்றை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பார்பர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

நன்றி, வணக்கம்.